மானியம் வேண்டுமென்றால் சோலார் செல் எங்கே செய்தது என்று கேளுங்கள்

வணக்கம் சார். வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் பேனல் போட இரண்டு கொட்டேஷன் வாங்கினேன், இரண்டிலும் 'இந்தியத் தயாரிப்பு' என்றே இருக்கிறது, ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டிருந்தீர்கள்.

மலிவாகத் தருபவரிடம் அது டிசிஆர் (DCR) பேனலா, அதாவது உள்நாட்டுத் தயாரிப்பு விதிக்கு உட்பட்டதா என்று முதலில் கேளுங்கள். பேனலுக்குள் வெயிலை மின்சாரமாக்கும் துண்டுகள்தான் செல்கள். இறக்குமதி செய்த செல்களை இங்கே கோத்துவிட்டும் இந்தியப் பேனல் என்று விற்கிறார்கள். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைக்க அது போதாது. செல், பேனல் இரண்டும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும்.

விலை கூடுவது கஷ்டம்தான். ஆனாலும் இந்த விதி தேவை என்றே நினைக்கிறேன். பேனல் கோப்பது எளிது. செல் செய்யத்தான் பெரிய முதலீடும் நுட்பமும் வேண்டும். வாங்க ஆள் உண்டு என்ற உறுதி இல்லாமல் யார் அதில் பணம் போடுவார்கள்? திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானில் டாடா பவர் இப்போது செல்லே தயாரிக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் நிறையப் பேருக்கு அங்கே வேலை.

அப்புறம், மானியம் வேலை முடிந்து ஆய்வும் ஆன பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதனால் 'டிசிஆர்' என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பேனல் வந்து இறங்கியதும், மேலே ஏற்றும் முன் வரிசை எண்களைப் படம் எடுத்து வையுங்கள்.