மூடியில் ஸ்காட்லாந்து, முத்திரையில் நங்கூரம்

கேள்வி: எடின்பரோவில் வசிக்கிறேன். பழைய வெள்ளி மூக்குப்பொடி டப்பா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மூடியில் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டுக்கு இந்த ஊரில் எழுப்பிய நினைவுக் கோபுரம் புடைப்பாக இருக்கிறது. 'ஸ்காட்டிஷ் வெள்ளி, 1840-கள்' என்கிறார் விற்பவர். உள்ளே நங்கூர முத்திரை தெரிகிறது. வாங்கலாமா?

பதில்: வெள்ளியின் தரத்தைச் சோதித்து அடிக்கும் முத்திரைகளில், நங்கூரம் பர்மிங்காம் நகரத்தின் அடையாளம். படம்தான் ஸ்காட்லாந்து, டப்பா முத்திரை பெற்றது இங்கிலாந்தில். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். கோட்டை, மாளிகை, தேவாலயக் காட்சிகள் பொறித்த டப்பாக்களுக்கே பேர்போன ஊர் பர்மிங்காம். நத்தானியேல் மில்ஸ், ஜோசப் வில்மோர் போன்றவர்களின் பட்டறைகளிலிருந்து வின்ட்சர் கோட்டையும் வந்தது, வால்டர் ஸ்காட் வாழ்ந்த அபட்ஸ்ஃபோர்டும் வந்தது. ஆனால் 'ஸ்காட்டிஷ்' என்ற பெயருக்காக விலையைக் கூட்டிச் சொன்னால், அந்தக் கூடுதலைக் கொடுக்காதீர்கள். எடின்பரோ முத்திரை என்றால் மூன்று கோபுரக் கோட்டையும் திஸில் என்ற முட்செடியின் பூவும் இருக்கும். கிளாஸ்கோ என்றால் மரம், பறவை, மணி, மீன்.

அடுத்து, முத்திரையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தைப் பாருங்கள். ஸ்காட் நினைவுக் கோபுரத்துக்கு 1840-ல் அடிக்கல் நாட்டி, 1844-ல் கட்டி முடித்தார்கள். முத்திரை 1835 என்று சொன்னால் அந்தப் படம் பிற்பாடு ஏறியதுதான். மூடியிலும் அடிப்பெட்டியிலும் முத்திரை இருந்தால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். வேறொரு பொருளின் மூடியைக் கொண்டுவந்து ஒட்டியதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்.

அப்புறம் மூடி. விலையில் பெரும்பங்கு அந்தப் படத்துக்குத்தான், அதனால் இங்கே அவசரமே கூடாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். கோபுரத்தின் சின்னச் சின்ன ஊசி முனைகள் தனித்தனியாக நிற்கின்றனவா, தேய்ந்து ஒரே மேடாகிவிட்டனவா? பல தலைமுறை பாலிஷ் முதலில் தின்பது அந்த முனைகளைத்தான். பிறகு மூடியின் மேல் வாயால் ஊதுங்கள். ஆவி படியும்போது ஒட்டுப்போட்ட கோடு ஒரு நொடி தெரிந்து மறையும். கீல் ஓரத்தில் மங்கிய சாம்பல் நிறம் இருந்தால் ஈயப்பற்று வைத்த பழுது. அதைச் சரிசெய்வது பெரிய பாடு. உள்பக்கத் தங்க முலாம் ஓரங்களில் கொஞ்சம் தேய்ந்திருப்பது நல்ல அடையாளம். புத்தம்புதிதாகப் பளபளத்தால், எதை மறைக்கப் பூசினார்கள் என்று யோசியுங்கள்.

டப்பா மிகச் சிறியதாக இருந்தால் உள்ளே பழைய சின்னக் கீலின் தடம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் அது மூக்குப்பொடிக்கானது அல்ல; வாசனை வினிகரில் நனைத்த பஞ்சு வைக்கும் வினெக்ரெட் என்ற டப்பா, அதன் உள்சல்லடை தொலைந்துவிட்டது.

இவையெல்லாம் சரியாக இருந்தால் வாங்குங்கள், பர்மிங்காம் டப்பா என்ற விலைக்கு. திரவத்தில் முக்கிச் சுத்தம் செய்ய வேண்டாம்; படத்தின் பள்ளங்களில் தங்கிய கருமை போனால் காட்சியே தட்டையாகிவிடும். மெல்லிய பருத்தித் துணி போதும்.

ஸ்காட்லாந்திலேயே செய்ததுதான் வேண்டும் என்றால் வெள்ளியை விட்டு மரத்துக்கு வாருங்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் வாழ்ந்த மாக்லின் ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் சைக்கமோர் மரத்தில் ஊர்க்காட்சிகள் பதித்த டப்பாக்கள் செய்தார்கள். கீல் மரத்துக்குள்ளேயே மறைந்திருக்கும். வெள்ளியைவிடப் பொதுவாக விலையும் குறைவு.