ஒரே கோப்பையில் குடிக்கலாம், ஒரே சவர பிளேட்டில் வழிக்கக்கூடாது

கேள்வி: அண்ணைக்கு ஹெப்பற்றைற்றிஸ் சி. அறிக்கையில் 'மரபணு வகை 3' என்றிருக்கிறது. கடுமையானதோ? ஒரே வீட்டில் புழங்கலாமோ?
– வாசகி, சுன்னாகம்

பதில்: ஹெப்பற்றைற்றிஸ் சி ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. இந்த வைரசில் 8 மரபணு வகைகள் உண்டு. தெற்காசியாவில் அதிகம் காண்பது 3. இதில் ஈரலில் கொழுப்பும் தழும்பும் சற்று வேகமாக ஏறும். பயப்படத் தேவையில்லை: சோபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் சேர்ந்த குளிசை எல்லா வகைக்கும் கேட்கும். வழமையாக நாளுக்கு ஒன்று, 12 கிழமை. நெஞ்செரிவுக்கு ஒமெப்பிரசோல் எடுப்பவரென்றால் வைத்தியரிடம் முதலே சொல்லவேணும். அது வெல்பட்டாஸ்விர் உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். கீழ்க்காய்நெல்லிச் சாறு இந்த வைரசைக் கொல்லாது.

இரத்தத்தோடு இரத்தம் பட்டால்தான் பெரும்பாலும் தொற்றும். கோப்பை, தும்மல், கட்டிப்பிடிப்பது ஒன்றாலும் பரவாது. சவர பிளேட், நகவெட்டி, பற்தூரிகை மட்டும் வேறாக வையுங்கள். காய்ந்த இரத்தத்துளியிலும் வைரஸ் நாட்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சலூனில் புது பிளேட் மாட்டுவதைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். சிந்திய இரத்தத்தைக் கையுறையோடு துடைத்து, 1 பங்கு குளோரின் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விடுங்கள்.

குளிசை முடிந்து 12 கிழமையில், இரத்தத்தில் வைரஸ் மிச்சமிருக்கிறதோ என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்யவேணும். பிறபொருளெதிரிப் (வைரசை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்) பரிசோதனை சுகமான பிறகும் 'பொசிற்றிவ்' என்றே காட்டும். தடுப்பூசி இல்லை, மறுபடி தொற்றலாம்.