19ஆம் நூற்றாண்டு பேஸ்பால் சாதனைகள்: எண்ணை மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: வினாடி வினாவுக்காகப் பழைய பேஸ்பால் சாதனைகளைத் திரட்டுகிறேன். ஒரே ஆட்டத்தில் 19 ஸ்ட்ரைக்அவுட் (பந்து வீசுபவர் ஸ்ட்ரைக்குகளால் பேட்டரை அவுட்டாக்குவது; 1884), 7 ஹிட் (பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது; 1892), 4 ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றி வருவது; 1894) என்று கிடைக்கின்றன. இவற்றை இன்றைய சாதனைகளோடு ஒரே பட்டியலில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்த ஆண்டின் விதியையும் மைதானத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, பிட்சர் (பந்து வீசுபவர்) பேட்டரின் இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்று வீசினார் என்பது. 1880 வரை அவர் நின்று வீசும் கட்டத்தின் முன்கோடு 45 அடியில் இருந்தது. 1881இல் 50 அடி ஆனது. இன்றுள்ள 60 அடி 6 அங்குலம் 1893இல் வந்தது. தூரம் கூடியதும் பந்தைக் கணிக்க பேட்டருக்கு நேரம் கிடைத்தது. அமெரிக்காவின் முக்கியத் தொழில்முறை லீக்கான நேஷனல் லீக்கின் மொத்த பேட்டிங் சராசரி 1892இல் .245 (ஆயிரம் பேட்டிங் வாய்ப்புக்கு 245 ஹிட்); 1894இல் .309.

இதனால்தான் வில்பர்ட் ராபின்சனின் சாதனைக்கு நான் முதலிடம் கொடுப்பேன். பால்டிமோர் அணியின் கேட்சரான (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) அவர், 1892 ஜூன் 10 அன்று செயின்ட் லூயிஸுக்கு எதிராக 7 முறை பேட் பிடித்து ஏழிலும் ஹிட் அடித்தார்: 6 சிங்கிள் (முதல் தளம் வரை), 1 டபுள் (இரண்டாம் தளம் வரை). பிட்சர்களின் கை ஓங்கியிருந்த காலம் அது. 1975இல் ரென்னி ஸ்டெனட் அதைச் சமன் செய்தார். கேள்வியில் ‘9 இன்னிங்ஸ் ஆட்டத்தில்’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். 1932இல் ஜானி பர்னெட் 18 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தில் 9 ஹிட் அடித்திருக்கிறார். ராபின்சன் அன்று 11 ஆர்பிஐ (பேட்டரின் ஆட்டத்தால் அணிக்குக் கிடைக்கும் ரன்) எடுத்ததாகவும் பதிவு உண்டு. ஆர்பிஐ அதிகாரபூர்வக் கணக்கானது 1920இல்தான் என்பதால், அது பின்னாளில் கணக்கிட்ட எண். 1924இல் ஜிம் பாட்டம்லி 12 எடுத்து அதை முறியடித்தபோது, எதிரணியான புரூக்ளினின் மேலாளர் இதே ராபின்சன்! வினாடி வினாவுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது அரிது.

பாபி லோவின் 4 ஹோம் ரன்களை மைதானத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாஸ்டன் அணியின் சொந்த மைதானம் 1894 மே 15 அன்று தீயில் அழிந்ததால், அணி காங்கிரஸ் ஸ்ட்ரீட் மைதானத்துக்கு மாறியிருந்தது. அங்கே இடப்பக்க வேலி சுமார் 250 அடியில்தான் இருந்தது. மே 30 அன்று சின்சினாட்டியின் பிட்சர் சேம்பர்லினை லோ பந்தாடினார். மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் இரண்டு ஹோம் ரன். ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்த முதல் வீரர் என்ற பெருமை அவருடையதே. ஆனாலும் 1896 ஜூலை 13 அன்று சிகாகோவில் எட் டெலஹான்ட்டி அடித்த நான்கைத்தான் கனமானதாக நினைக்கிறேன். அவற்றில் சில, பந்து மைதானத்துக்குள் கிடக்கும்போதே ஓடி எடுத்தவை. அப்படியும் அவருடைய பிலடெல்பியா 8–9 என்று தோற்றது.

சார்லி ஸ்வீனி (பிராவிடன்ஸ், 1884 ஜூன் 7) எடுத்த 19 ஸ்ட்ரைக்அவுட்களில் கணக்கு இரு பக்கமும் இழுக்கும். கையைத் தோளுக்கு மேலே தூக்கி வீச நேஷனல் லீக் அந்த ஆண்டுதான் அனுமதித்தது. வாக் (பேட்டர் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போவது) கொடுக்க 6 பால் (பிட்சர் உரிய எல்லைக்கு வெளியே வீசி, பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து) ஆக வேண்டும். இவை பிட்சருக்குச் சாதகம். மறுபக்கம், ஃபவுல் (பக்கக்கோட்டுக்கு வெளியே) அடித்தால் அது ஸ்ட்ரைக் (வழக்கமாக மூன்று சேர்ந்தால் பேட்டர் அவுட்) ஆகாது. உயரப் பந்து வேண்டுமா, தாழ்வான பந்து வேண்டுமா என்று பேட்டரே கேட்கலாம். ஒரு மாதம் கழித்து ஹியூ டெய்லியும் 19 எடுத்தார். அது ஒரே பருவத்தோடு மூடப்பட்ட யூனியன் அசோசியேஷனில் நடந்தது. லீக் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள். 9 இன்னிங்ஸில் 20 என்ற எண்ணை ரோஜர் கிளமென்ஸ் 1986இல்தான் தொட்டார்.

1887ஆம் ஆண்டு ஸ்கோர் அட்டைகளில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த ஒரு பருவத்தில் வாக்கையும் ஹிட்டாக எண்ணினார்கள். நான்காவது ஸ்ட்ரைக்கில்தான் பேட்டர் அவுட். டிப் ஓ’நீலின் சராசரி அப்போது .492, வாக்குகளைக் கழித்தால் .435. ஆகவே அந்த ஆண்டில் யாராவது 6 ஹிட் அடித்ததாகப் பார்த்தால், வாக் எத்தனை என்று தேடிக் கழித்த பிறகே பட்டியலில் சேருங்கள்.