வன உரிமை நிலத்தை விலைக்கு வாங்கி மலைக் கிராமத்தில் குடியேறலாமா?

சத்தியமங்கலம் மலைக் கிராமம் ஒன்றில் வன உரிமைப் பட்டா நிலத்தை வாங்கிக் குடியேறலாமா, அங்கு வாழ்வது பாதுகாப்பானதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க இயலாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்தோ உழுதோ வந்த பழங்குடியினருக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை வழங்கப்படும் இவ்வுரிமை, மணமானவர்க்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகி, வாரிசுகளுக்குச் செல்லுமே தவிர, எவருக்கும் விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ முடியாதது. முத்திரைத்தாளில் எழுதித் தரப்படும் ஒப்பந்தம் உங்கள் பணத்தைக் காக்காது என்பதைவிட, அக்குடும்பத்தின் ஒரே உடைமை அதனால் பறிபோகக்கூடும் என்பதே எனக்குப் பெருங்கவலை தருகிறது.

குத்தகை வீட்டில் தங்குவதானால், திருடரைவிடப் பாம்புக்கே அஞ்ச வேண்டும். இரவில் தரையில் உறங்குவோரைத் தீண்டும் கட்டுவிரியனின் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராது. விடியலில் வயிற்றுவலியும் இமைச் சரிவும் தோன்றும்போதுதான் பலர் அறிகின்றனர். ஆகவே கட்டிலில், ஓரங்களை மெத்தைக்கடியில் செருகிய கொசுவலைக்குள் உறங்குங்கள். கடிபட்டால் கட்டோ கீறலோ போடாமல், கை கால்களை அசைக்காமல், நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் குடியேறும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.