பூச்சி கேள்வி பதில்: துரஹள்ளியில் அசைந்த குச்சி

(பெங்களூர் தமிழ் நடைக்குழுவினரின் கேள்விகளுக்குக் குழுவின் பூச்சி ஆர்வலர் அளித்த பதில்கள்)

கேள்வி: துரஹள்ளி காட்டுல பாறை ஏறும்போது புதர்ல ஒரு காய்ஞ்ச குச்சி அசைஞ்சுது சார். ஒல்லிக் கழுத்து, காலெல்லாம் இலைத் துணுக்கு. படம் அனுப்பியிருக்கேன். என்ன இது?

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள்! வயலின் கும்பிடுபூச்சி. லின்னேயஸ் 1758இலேயே விவரித்த இனம். தென்னிந்தியா, இலங்கையின் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்கிறது. ஆனால் அது இருக்கும் புதரையே உற்றுப் பார்த்தாலும் தெரியாது. நீங்கள் கழுத்து என்பது மார்பின் முன்பகுதி. அது நீண்டு குச்சியாகிவிட்டது. காற்றில் சருகு ஆடுவதுபோல் உடம்பை ஆட்டும். பெரும்பாலும் பறக்கும் ஈ, பட்டாம்பூச்சிகளைப் பிடித்துத் தின்பதால் பூத்த செடிகளில் தேடுங்கள். உங்கள் படத்தில் உணர்கொம்பு இருபக்கமும் பல் வைத்த சீப்பாக இருக்கிறது, ஆண்தான். பெண் விடும் மணத்தை அந்தக் கொம்பால்தான் பிடிக்கும். பார்த்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தீர்கள் அல்லவா?

கேள்வி: அது கடிக்குமா? விஷமா?

பதில்: விஷம் இல்லை.

கேள்வி: எச்.எஸ்.ஆர். லேஅவுட்ல எங்க பால்கனிக்கு வெளிர்பச்சையா, நீள வால் வச்ச பெரிய பூச்சி வந்திருக்கு. சர்க்கரைத் தண்ணி வைக்கலாமாண்ணா?

பதில்: வேண்டாம்மா. நிலா அந்துப்பூச்சி அது. குடிக்க அதற்கு வாயே வேலை செய்யாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துத்தான் சில நாள் வாழ்ந்து, இணை தேடி, முட்டையிட்டு முடியும். விளக்கை அணையுங்கள். அந்தச் சில நாளை உங்கள் டியூப்லைட் தின்றுவிடக் கூடாது.

கேள்வி: வாசல்ல பெரிய சிலந்தி. என்ன வகை?

பதில்: சிலந்தி பூச்சியினம் அல்ல. சிலந்தி தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: சிவப்பும் கறுப்புமா எறும்பு மாதிரி ஒண்ணு கழுத்துல ஊருச்சு. கடிக்குமா?

பதில்: மறுபடியும் அதே கேள்வி! ஆனால் இதற்குப் பதில் முக்கியம். ஆசிட் பூச்சியாக இருக்கலாம். கடிக்காது, கொட்டாது. நசுக்கினால் உடம்பிலிருக்கும் பெடரின் என்ற நச்சு தோலில் பட்டு, ஓரிரு நாளில் தீக்காயம்போல் எரியும். ஊதித் தள்ளுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் டாக்டரிடம் போங்கள். எதையும் கையால் அடிக்காதீர்கள்.

கேள்வி: ஹெசரகட்டா பக்கம் பொன்வண்டு கிடைச்சுது. பையனுக்குத் தீப்பெட்டியில வச்சுக் குடுக்கலாமா?

பதில்: கூடாது.

இன்னொருவர்: என்ன சார், ஊர்ல நாங்க எல்லாரும் வளர்த்தோம். இலை போட்டோம், முட்டைகூட இட்டுச்சு!

பதில்: அந்த முட்டை என்ன ஆயிற்று? பொன்வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர வேண்டியது. தீப்பெட்டியில் மண் ஏது, வேர் ஏது? பெற்ற வண்டும் போயிற்று, பிள்ளைகளும் போயின.

மற்றொருவர்: பொன்வண்டு குறைஞ்சது தீப்பெட்டியாலயா? ஜேசிபி வச்சு மண்ணைச் சுரண்டி லேஅவுட் போட்டதால!

பதில்: ஒப்புக்கொள்கிறேன், பெரிய காரணம் அதுதான். புழு இருக்கும் மண்ணையே லாரியில் ஏற்றிவிட்டால் அடுத்த மழைக்கு எது வெளியே வரும்? அதனால்தான் மிச்சமிருப்பதைப் பெட்டியில் போடாதீர்கள் என்கிறேன். பையனைப் புதருக்கே அழைத்துப் போங்கள். வண்டு இலை கடிப்பதை அங்கேயே பார்க்கட்டும்.

கேள்வி: சார், அந்தப் பொன்வண்டு கடிக்குமா?

பதில்: கடிக்காது. மீதிக் கேள்விகள் அடுத்த வாரம். படம் இல்லாமல் அனுப்பாதீர்கள்.