குழாய் பதிக்க மானியம் வரும், மோட்டார் ஓட யார் தருவார்கள்?

கேள்வி: நீலகிரியில் ஒரு நகராட்சியின் மேட்டு வார்டில் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளராக இருக்கிறேன். புதிய குடிநீர்த் திட்டம் என்று போன வருடம் தெருவெல்லாம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். கீழே பஜார் பக்கம் தண்ணீர் நன்றாக வருகிறது. எங்களுக்கு வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் அரை மணி நேரம்தான். இப்போது புதிய இணைப்புக்கு டெபாசிட் கட்டச் சொல்கிறார்கள். ‘இது மத்திய அரசுப் பணம்’ என்கிறார் அலுவலர். ‘கடன் வாங்கித்தான் செய்கிறோம், நீங்களும் கட்டித்தான் ஆகணும்’ என்கிறார் கவுன்சிலர். இது யார் பணம்? யார் கண்காணிக்கிறார்கள்? நாங்கள் எதைக் கேட்கலாம்?

பதில்: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். குடிநீர்த் திட்டம் எதுவும் ஒரே இடத்துப் பணத்தில் நடப்பதில்லை.

உங்கள் ஊர்த் திட்டம், நகரக் குடிநீருக்கு மத்திய அரசு பணம் தரும் அம்ருத் 2.0-வில் வருவதாக வைத்துக்கொள்வோம். 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கிய திட்டம் இது. இதற்கு முந்தைய அம்ருத் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. அதனால் நம் மலை ஊர்கள் வெளியே நின்றன. 2011 கணக்கெடுப்பில் உதகை 88,430 பேர், குன்னூர் 45,494, கொடைக்கானல் 36,501. இரண்டாவது அம்ருத் எல்லா நகர உள்ளாட்சிகளையும் சேர்த்துக்கொண்டது. ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள ஊருக்குத் திட்டச் செலவில் பாதியை மத்திய அரசு தரும். ஒன்று முதல் பத்து லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்குதான். வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமாசலம் போன்ற மலை மாநிலங்களுக்கும் 90 சதவீதம் வரை உண்டு. நாம் மலையில் இருந்தாலும் தமிழ்நாடு மலை மாநிலம் அல்ல என்பதால் அந்தச் சலுகை நமக்குக் கிடையாது. செங்குத்தான சரிவில் குழாய் பதிக்கும் செலவு இமாசலத்துக்கும் நீலகிரிக்கும் ஒன்றுதான். இந்த விதி மாற வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

அந்தப் பாதியும் மொத்தமாக வந்துவிடாது. 20, 40, 40 சதவீதம் என்று மூன்று தவணை. முதல் தவணையைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்று போன பிறகே அடுத்தது வரும். தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் யாரும் வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கும்.

மீதிப் பாதியை மாநில அரசும் நகராட்சியும் பகிர்ந்துகொள்ளும். நகராட்சியின் பங்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கவுன்சிலர் சொன்ன கடன் விஷயம். சொந்த வருவாய் போதாதபோது நகர உள்ளாட்சிகளுக்குக் கடன் தர மாநில அரசு 1990-இல் தொடங்கிய டுஃபிட்கோ நிறுவனத்திடமோ, 1996-இல் அமைந்த தமிழ்நாடு நகர்ப்புற மேம்பாட்டு நிதியத்திடமோ கடன் கேட்பார்கள். சின்ன உள்ளாட்சிகள் தனியாகச் சந்தையில் கடன் வாங்க முடியாது. அதற்காக 2002-இல் 13 சிறிய உள்ளாட்சிகளைச் சேர்த்து 30.41 கோடி ரூபாய்க்குக் கூட்டாகக் கடன் பத்திரம் வெளியிட்ட மாநிலம் நம்முடையது. கடன் எதுவானாலும் தவணை தவறினால் மாநில அரசு நகராட்சிக்குத் தர வேண்டிய நிதிப்பகிர்விலேயே பிடித்துக்கொள்ள வழி வைத்திருப்பார்கள். ஆகவே அது உங்கள் ஊரின் கடன். எவ்வளவு, என்ன வட்டி, எத்தனை வருடம் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம். குழாய், தொட்டி, மோட்டார், சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் மானியம் வரும். அதை ஓட்டுவதற்கு வராது. இயக்கம், பராமரிப்புக்கான மத்திய உதவி அம்ருத்தில் இல்லை. அது நகராட்சி பாடு. சமவெளியில் இது சமாளிக்கக்கூடிய சுமை. மலையில் கதை வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் மேலே ஏற்ற, மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 0.42 யூனிட் மின்சாரம் வேண்டும். 300 மீட்டர் ஏற்ற வேண்டிய ஊருக்கு அது 1.25 யூனிட். நாலு பேர் உள்ள வீட்டுக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற விதிமுறைப்படி மாதம் சுமார் 16,000 லிட்டர். அதை ஏற்ற 20 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 160 ரூபாய். ஏற்றும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வழியில் கசிந்துவிட்டால் அதே வீட்டுக்கு 240 ரூபாய். இது வெறும் கரன்ட் செலவு. குளோரின், படிகாரம், ஃபிட்டர் சம்பளம், உடைந்த வால்வு எதுவும் இதில் சேரவில்லை. உங்கள் நகராட்சி இப்போது வாங்கும் மாதக் குடிநீர்க் கட்டணத்தை இதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை யாராவது நிரப்பியாக வேண்டும். நிரப்ப ஆள் இல்லாதபோது மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைப்பார்கள். குறைத்தால் முதலில் வறண்டுபோவது கடைசி மேட்டு வார்டு. உங்கள் அரை மணி நேரத் தண்ணீருக்கு இதுவே காரணமா என்று முதலில் சோதித்துவிடுங்கள்.

சோதிப்பது எப்படி? தமிழ்நாட்டு நகராட்சிகள் வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்கு வைக்கின்றன. குடிநீர் மற்றும் வடிகால் நிதியின் கடைசி மூன்று ஆண்டு வரவு செலவைக் கேளுங்கள். நீங்கள் கட்டும் சொத்து வரியில் குடிநீர் வடிகால் வரியும் ஒரு பகுதி. அது இந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும். மின் கட்டணம் எவ்வளவு, மின்வாரியத்துக்குப் பாக்கி உண்டா, இந்த நிதியிலிருந்து வேறு நிதிக்குக் கைமாற்றாகப் போன தொகை உண்டா என்று பாருங்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் அறிக்கையில் இதே கணக்கின் மேல் எழுப்பிய ஆட்சேபணைகளும் இருக்கும். என் அனுபவத்தில், திட்ட அறிக்கையைப் படிப்பதைவிட இந்த ஒரு கணக்கைப் படிப்பதில் ஊர் நிலவரம் நன்றாகப் புரிகிறது.

சொத்து வரியைப் பற்றி இன்னொன்று. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் நம்மைப் போன்ற ஊர்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்ட பணம். அதைப் பெற வேண்டுமென்றால் தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் வெளியிட வேண்டும், சொத்து வரி வசூலும் ஆண்டுதோறும் உயர வேண்டும் என்று நிபந்தனை. 2022-இல் வரி உயர்ந்தபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. கூடுதல் வரி கட்டியிருக்கிறீர்கள். அதனால் வந்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயம்தான்.

கண்காணிப்புக்கு வருவோம். மின் கட்டணத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் இருப்பதுபோல நகரக் குடிநீருக்குத் தமிழ்நாட்டில் தனி ஆணையம் கிடையாது. கட்டணத்தையும் டெபாசிட்டையும் நகர்மன்றம் தீர்மானிக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும்தான் அதற்கு அடிப்படை. வடிவமைப்பை நகராட்சிப் பொறியியல் பிரிவோ குடிநீர் வடிகால் வாரியமோ பார்க்கும். அம்ருத் பணிக்கு வெளியிலிருந்து ஒரு மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனமும் உண்டு. அதன் அறிக்கையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். டெண்டர் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி மேல்முறையீடு செய்ய டெண்டர் போட்டவருக்குத்தான் உரிமை. சங்கம் அந்த வழியில் போனால் நேரம்தான் வீணாகும்.

மலையில் வேலை தாமதமாவதற்கு உண்மையான காரணங்களும் உண்டு. நீலகிரி மாவட்டத்தில் பாதிக்கு மேல் காடு. குழாய் காப்புக் காட்டைக் கடந்தால் வனப் பாதுகாப்புச் சட்ட அனுமதி வேண்டும். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படிக் குழுவின் அனுமதி. எமரால்டு, அவலாஞ்சி போன்ற அணைகள் குந்தா மின் திட்டத்தைச் சேர்ந்தவை. அங்கிருந்து தண்ணீர் எடுக்க மின்வாரியம் சம்மதிக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 181-ஐக் கடந்தால் அவர்களிடம், மலை ரயில் பாதையைக் கடந்தால் ரயில்வேயிடம். ஆகவே ‘ஏன் தாமதம்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த அனுமதிக்கு எந்தத் தேதியில் விண்ணப்பம் போனது, பதில் எப்போது வந்தது என்று கேளுங்கள். தாமதம் யாருடையது என்பது தேதிகளிலேயே தெரிந்துவிடும்.

கரன்ட் கணக்கு சரியாக இருந்தும் தண்ணீர் ஏறவில்லையா? அப்படியானால் உயரத்தைப் பாருங்கள். மாடி இல்லாத வீட்டுக்கே குழாயில் குறைந்தது 7 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் இருக்க வேண்டும் என்பது 1999 வடிவமைப்புக் கையேட்டின் விதி. தொட்டியின் மட்டம் உங்கள் தெருவைவிட ஐந்து மீட்டர்தான் உயரம் என்றால் எத்தனை கோடி செலவழித்தாலும் தண்ணீர் ஒழுங்காக வராது. அதே தொட்டிக்கு 80 மீட்டர் கீழே இருக்கும் பஜாரில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு எட்டு கிலோவைத் தொடும். அங்கே குழாய் வெடிக்கும், இணைப்பு கசியும், உங்களுக்கு வர வேண்டியது எல்லாம் அங்கேயே வடியும். இதைத் தடுக்க இடையில் அழுத்தம் குறைக்கும் தொட்டிகள் வேண்டும், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தனித்தனி விநியோக மண்டலங்கள் வேண்டும். வரைபடத்தில் அவை இருக்கின்றனவா, தரையில் கட்டியிருக்கிறார்களா என்று இரண்டையும் ஒப்பிடுங்கள். கைப்பேசி காட்டும் உயரம் பத்து இருபது மீட்டர் பிசகும். லெவல் எடுத்த வரைபடத்தையே கேளுங்கள்.

தேவையைக் கணக்கிட்டதிலும் ஓட்டை இருக்கலாம். திட்டம் போடுவது ஊர் மக்களின் எண்ணிக்கையை வைத்து. மே மாதம் தண்ணீர் குடிப்பதோ வந்தவர்களும் சேர்ந்து. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. வருகிறவர்களின் கணக்கு இப்போது அரசின் கையிலேயே இருக்கிறது. ஊருக்கு வரும் நீரையும் தேவையையும் கணக்கிடும் நகர நீர்ச் சமநிலைத் திட்டத்தில் அதைச் சேர்த்தார்களா என்று உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் கேட்டு, கேள்வியைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். தங்கும் விடுதிகளுக்கு வணிகக் கட்டணத்தில் மீட்டர் வைத்திருக்கிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஆவணங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய், தமிழில் ஒரு மனு, 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகல் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சட்டத்தின் 2(j) பிரிவு வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. நிர்வாக அனுமதி, மதிப்பீடு, எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்), குழாய் அழுத்தச் சோதனை அறிக்கை ஆகிய நாலையும் கேளுங்கள். எம்-புக்கில் எழுதிய நீளத்தையும் ஆழத்தையும் உங்கள் தெருவில் ஓர் இடத்தில் அளந்து பார்க்க அனுமதி கேளுங்கள். சரிவில் ஆழம் குறைத்துப் பதித்த குழாய் முதல் பெருமழையிலேயே வெளியே தெரிந்துவிடும். பார்வையிடுவதை மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். வறட்சி மாதம் என்பதால் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதும் தெரியும்.

கடைசியாக டெபாசிட். அதை வாங்குவதில் தவறில்லை. ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்கள் முன்பணமாகவே கட்டி, வேலையை நடத்திக் காட்டினார்கள். ஆனால் அங்கே பணம் எதற்குப் போகிறது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். நீங்கள் கட்டும் முன் நகர்மன்றத் தீர்மான எண்ணையும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டினால் நகராட்சி ரசீது, அதில் ‘குடிநீர் இணைப்பு வைப்புத்தொகை’ என்ற தலைப்பு, உங்கள் சொத்து வரி எண் இரண்டும் இருக்கட்டும். தீர்மானத்தைக் காட்டாமல் கேட்டால், ஆணையருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதி, நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநருக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு, பதில் வரும் வரை பொறுத்திருங்கள்.