சாங்ஷன் 30 லட்சம், வந்தது 6 லட்சம்: மாதம் 4,500 எதற்கு?

கேள்வி: சொந்த மனையில் வீடு கட்ட வங்கியில் 30 லட்சம் ரூபாய் கடன் சாங்ஷன் ஆனது. வட்டி 9 சதவீதம். ‘முதல் டிஸ்பர்ஸ்மென்ட்’ என்று 6 லட்சம் மட்டும் கணக்கில் வந்திருக்கிறது. அதற்குள் மாதம் 4,500 ரூபாய் பிடிக்கிறார்கள். டிஸ்பர்ஸ்மென்ட் என்றால் என்ன? இந்த 4,500 அசலில் கழியுமா?

பதில்: கழியாது. அது முழுக்க வட்டி. 6 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் வருடத்துக்கு 54,000, மாதத்துக்கு 4,500. இதை ப்ரீ-இஎம்ஐ என்பார்கள்.

இவ்வளவு கடன் தரச் சம்மதம் என்பது சாங்ஷன். அந்தப் பணம் வங்கியை விட்டு வெளியேறுவது டிஸ்பர்ஸ்மென்ட். பழைய ஆட்கள் பட்டுவாடா என்பார்கள். வெளியேறிய பணத்துக்கு மட்டும்தான் வட்டி ஓட வேண்டும். உங்கள் கணக்கில் அது சரியாகவே இருக்கிறது. 30 லட்சத்துக்கும் போட்டிருந்தால் மாதம் 22,500 ஆகியிருக்கும்.

எல்லா இடத்திலும் இப்படி ஒழுங்காக நடப்பதில்லை. சாங்ஷன் ஆன தேதியிலிருந்தோ ஒப்பந்தத்தில் கையெழுத்தான தேதியிலிருந்தோ வட்டி போடுவது, செக்கை எழுதி வைத்துவிட்டுப் பல நாள் கழித்துக் கொடுத்தாலும் செக் தேதியிலிருந்தே கணக்கிடுவது எல்லாம் ஆய்வுகளில் சிக்கியதால், 2024 ஏப்ரல் 29 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அப்படி வாங்கிய வட்டியைத் திருப்பித் தரச் சொன்னதையும் அதிலேயே குறிப்பிட்டிருக்கிறது. சில நாள்தானே என்று விடாதீர்கள். 10 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் ஆறு நாள் வட்டி கிட்டத்தட்ட 1,480 ரூபாய். கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் பற்று விழுந்த தேதியையும், சேமிப்புக் கணக்கில் பணம் வரவான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மீதி 24 லட்சம் வேலை நடக்க நடக்கத்தான் வரும். அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), மேல்தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் வங்கியின் இன்ஜினியர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த தொகை. உங்கள் பங்குப் பணத்தை முதலில் செலவழித்திருக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். தளம் போட கம்பிக்கும் சிமெண்டுக்கும் மொத்தமாகப் பணம் தேவைப்படும். அதனால் லிண்டல் முடிகிற வாரத்திலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள். சாங்ஷன் கடிதத்தை நம்பி மேஸ்திரிக்குத் தேதி சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

முழுத் தொகையும் வந்த பிறகு இஎம்ஐ ஆரம்பிக்கும். 20 வருடக் கடன் என்றால் மாதம் சுமார் 27,000. கட்டுமானம் இழுத்துக்கொண்டே போனால் ப்ரீ-இஎம்ஐயும் அசலைத் தொடாமல் போய்க்கொண்டே இருக்கும். அது என் கண்ணுக்கு வீண் செலவு. கையில் வசதி இருந்தால், இப்போதே அசலும் சேர்த்துக் கட்ட வழியுண்டா என்று கிளையில் கேளுங்கள். சில வங்கிகள் அனுமதிக்கின்றன.

இன்னொன்று. 26 லட்சத்திலேயே வீடு முடிந்துவிட்டால் மீதி 4 லட்சத்தை வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘இதுவரை வாங்கிய தொகையோடு கடனை முடித்து, அதற்கேற்ப இஎம்ஐ போடவும்’ என்று கடிதம் கொடுத்து, நகலில் கிளை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பிராசஸிங் கட்டணத்தை மட்டும் பெரும்பாலும் 30 லட்சத்துக்கே கணக்கிட்டிருப்பார்கள். அது திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.